போடாமல் எடுக்க முடியுமா? ஓயாத இயந்திரம் ஏன் ஓடாது



சில ஆண்டுகளாக நம் கைப்பேசிகளில் ஒரு வகைக் காணொளி சுற்றி வருகிறது. ஒரு சின்ன மோட்டார், பெல்ட் போட்டு ஒரு கனமான சக்கரம், சக்கரத்திலிருந்து இன்னொரு பெல்ட், அதன் முனையில் ஒரு டைனமோ. முதலில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து மோட்டாரை ஓட விடுகிறார்கள். பிறகு டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தையே மோட்டாருக்குத் திருப்பிவிட்டு, வெளி இணைப்பைப் பிடுங்குகிறார்கள். மோட்டாரும் ஓடுகிறது, பக்கத்தில் நாலு பல்பும் எரிகிறது. "டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வெயில்கூட வேண்டாம்" என்று பின்னணியில் ஒரு குரல்.

இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். டீசல் எஞ்சினுக்கு ஊற்றி ஊற்றியே சாகுபடிச் செலவு ஏறுகிறது. அப்படி இருக்கும்போது இந்தக் காணொளியைப் பார்த்தால் மனசு போகத்தான் செய்யும். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் இப்படி ஒரு இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினார். ஆடு விற்ற காசு. இயந்திரம் வரவில்லை, ஆளும் தொலைபேசியை எடுப்பதில்லை. கூட்டங்களுக்குப் போனால் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இது நெசமா ஓடுமாங்க?"

ஓடாது. "இன்னும் யாரும் சரியாகச் செய்யவில்லை, நாளைக்கு ஒருவர் செய்துவிடுவார்" என்ற வகையும் இது கிடையாது. எப்போதும் ஓடாது. ஏன் என்பதை நம் கிணற்றையும் வயலையும் வைத்தே புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டால் முன்பணம் மிச்சம். அதைவிட முக்கியமாக, நம்முடைய இயற்கை வேளாண்மையைப் பற்றியே நாம் சில நேரம் தவறாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சங்கதியும் தெளிவாகும்.

பழைய கனவு

தானே சுற்றும் சக்கரம் என்பது புதுசு கிடையாது. நம் நாட்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் 1150இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில் அப்படி ஒரு சக்கரம் வருகிறது. ஆரக்கால்கள் உள்ளே பொள்ளலாக இருக்கும், அவற்றில் பாதியளவு பாதரசம் இருக்கும். சக்கரம் சுற்றும்போது ஒரு பக்கம் பாதரசம் வெளி விளிம்புக்கு ஓடும், மறுபக்கம் அச்சுக்கு அருகே வரும். ஒரு பக்கம் எப்போதும் பாரமாக இருப்பதால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது எண்ணம். அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் வில்லார் த ஒன்கூர் என்பவர் தன் குறிப்பேட்டில் சுத்தியல்கள் தொங்கும் ஒரு சக்கரத்தை வரைந்து வைத்தார். யோசனை அதேதான்.

இது ஏன் நின்றுவிடும்? கமலை இறைத்த காலத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே ஏறும். மாட்டின் எடையும் சேர்ந்தே இழுப்பதால் இறங்குவது சுலபம். ஆனால் சால் கொட்டியதும் அதே மாடு பின்னால் மேடேறி வரவேண்டும். இறங்கும்போது கிடைத்த லாபத்தை ஏறும்போது கட்டியாக வேண்டும். அதைக் கட்டுவது வைக்கோலும் புல்லும் பருத்திக்கொட்டையும். தீவனம் இல்லாமல் மாடு எத்தனை நாள் மேடேறும்?

பாஸ்கரரின் சக்கரமும் இதேதான். ஒரு பக்கம் பாதரசம் விளிம்பில் இருக்கிறது, சரி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், எந்த நேரத்திலும் விளிம்பில் தள்ளி இருக்கும் பக்கத்தில் எண்ணிக்கை குறைவு, அச்சுக்கு அருகே இருக்கும் பக்கத்தில் எண்ணிக்கை அதிகம். தராசு சமமாகிவிடும். இன்னும் எளிதாகச் சொன்னால், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு சொட்டுப் பாதரசமும் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறது. எவ்வளவு உயரம் இறங்கியதோ அவ்வளவு உயரம் ஏறியும் ஆயிற்று. வரவும் செலவும் நேராகிவிட்டது. மிச்சம் எங்கே?

கிணற்றுக் கணக்கு

இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் ஃப்ளட் 1618இல் வெளியிட்ட நூலில் உழவர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு இயந்திரத்தின் படம் இருக்கிறது. மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து தண்ணீர் விழுந்து ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் ஒரு திருகு உருளையைச் சுழற்றுகிறது. அந்தத் திருகு, விழுந்த தண்ணீரையே மறுபடி மேல் தொட்டிக்கு ஏற்றுகிறது. நடுவில் மாவும் அரைத்துக்கொள்ளலாம்!

நம் கிணற்றில் இதைச் செய்து பார்ப்போம். கிணறு 100 அடி ஆழம். ஆற்றலை ஜூல் என்ற அளவில் சொல்வார்கள். 1 லிட்டர் தண்ணீரை 100 அடி ஏற்ற சுமார் 300 ஜூல் வேண்டும். மீட்டரில் ஓடும் 1 யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, எதுவுமே வீணாகாவிட்டால் 1 யூனிட்டில் 12,000 லிட்டர் ஏற்றலாம். அந்த 12,000 லிட்டரும் திரும்ப 100 அடி விழுந்தால், எதுவுமே வீணாகாவிட்டால், கிடைப்பது சரியாக அதே 1 யூனிட். பாசனத்துக்கு ஒரு குடம் தண்ணீரை வெளியே எடுத்தால்கூட அடுத்த சுற்றுக்கு அந்த அளவு குறைந்துவிடும். குறையே இல்லாத இயந்திரம் கிடைத்தாலும் அது தன்னைத்தான் ஓட்டிக்கொள்ளும், நமக்கு ஒன்றும் தராது. இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். மோட்டாரின் திறன் 85 விழுக்காடு, பம்பின் திறன் 60 விழுக்காடு என்று வையுங்கள். ஓரளவு நல்ல பம்புதான். இரண்டும் சேர்ந்தால் 51 விழுக்காடு. 1 யூனிட்டில் ஏறுவது சுமார் 6,000 லிட்டர். அது விழும்போது சுழலும் டர்பைன் 80 விழுக்காடு, ஜெனரேட்டர் 85 விழுக்காடு என்றால், திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 0.35 யூனிட். அதை மறுபடி மோட்டாருக்குக் கொடுத்தால் அடுத்த சுற்றில் 0.12. மூன்றாம் சுற்றில் 0.04. மூன்றே சுற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு காலி.

காலியானது எங்கே போச்சு? மோட்டார் ஓடி நின்றதும் அதன் மேல் கை வைத்துப் பாருங்கள், சுடும். பேரிங் சுடும், பெல்ட் சுடும். காணாமல் போன ஆற்றல் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் போய்ச் சேர்கிறது. இதை அளந்து காட்டியவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். அவர் குடும்பத் தொழில் பீர் காய்ச்சுவது. 1840களில் அவர் ஒரு பாத்திரத் தண்ணீரில் துடுப்புகளைப் பொருத்தி, கயிற்றில் கட்டிய எடை கீழே இறங்க இறங்கத் துடுப்பு சுற்றும்படி செய்தார். தண்ணீர் மிகச் சிறிதளவு சூடானது. 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்கினால் 1 பவுண்டு தண்ணீர் 1 டிகிரி ஃபாரன்ஹீட் சூடேறும் என்று கணக்குச் சொன்னார். எத்தனை முறை செய்தாலும் ஏறத்தாழ அதே கணக்கு. ஜெர்மனியில் மருத்துவர் மேயர் 1842இலும், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இலும் இதே கருத்தை எழுதினார்கள். ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றத்தான் முடியும். இதுதான் முதல் விதி.

சூடு திரும்பி வராது

இங்கே ஒருவர் கேட்கலாம்: "ஆற்றல் அழியலைன்னா, சூடாப் போனதைத் திரும்பப் பிடிச்சுக்கலாமே?" நல்ல கேள்வி. கிணற்றுத் தண்ணீரிலேயே எவ்வளவோ சூடு இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 4,200 ஜூல். அதே லிட்டரை 1,400 அடி உயரத்துக்கு ஏற்ற அது போதும். முதல் விதிப்படி இதில் தவறே இல்லை. எடுத்தால் என்ன?

எடுக்க முடியாது. ஏன் என்பதற்கு எருக்குழியைப் பாருங்கள். நன்றாகப் போட்ட மட்குக் குவியல் 60 டிகிரி வரை சூடேறும். கையை உள்ளே விட முடியாது. நுண்ணுயிர்கள் சாப்பிட்டு முடித்ததும் சூடு மெல்ல மெல்ல வெளியே கசிந்து, குவியல் சுற்றுப்புற நிலைக்கு வந்துவிடும். சுற்றிலும் உள்ள காற்றிலிருந்து சூடு தானாகச் சேர்ந்து ஆறிய குவியலை மறுபடி 60 டிகிரிக்குக் கொண்டுவந்ததை யாராவது பார்த்ததுண்டா? சூடு உள்ள இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் தானாகப் போகும். அப்படிப் போகும் வழியில்தான் நாம் அதனிடம் வேலை வாங்க முடியும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரில்தான் சக்கரம் சுற்றும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் பள்ளம் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றாது. அதே போலத்தான் இதுவும். பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824இல் நீராவி எஞ்சின்களை வைத்து இதை எழுதினார். பின்னால் ஜெர்மானியரான கிளாசியஸ் இதை இரண்டாம் விதியாக நிறுத்தினார்.

ஆக, முதல் விதி "போட்டதற்கு மேல் எடுக்க முடியாது" என்கிறது. இரண்டாம் விதி "போட்ட அளவுகூட முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது" என்கிறது.

பரணில் ஒரு கிழவர்

இந்த விதிகள் எழுதப்படும் முன்பே, 1775இல், பிரெஞ்சு அறிவியல் கழகம் ஓயாத இயந்திரம் பற்றிய விண்ணப்பங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்தது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3, இயற்கையின் நிலைநாட்டப்பட்ட விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதையும் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. "காப்புரிமை கிடைத்த இயந்திரம்" என்று யாராவது சொன்னால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பம் போட்ட ரசீதும் காப்புரிமையும் ஒன்றல்ல.

அப்படியானால் ஓடுகிற இயந்திரங்களை மக்கள் கண்ணால் பார்த்தார்களே, அது எப்படி? அமெரிக்காவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் 1812இல் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு இயந்திரத்தைக் காட்டிக் கட்டணம் வசூலித்தார். அரசிடம் பணம் கேட்டபோது ஆய்வாளர்கள் வந்தார்கள். பல்சக்கரங்களின் பற்கள் தேய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்ததுமே, இயந்திரம் மற்றதை ஓட்டவில்லை, மற்றது இயந்திரத்தை ஓட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. அவர் நியூயார்க் போனார். அங்கே 1813இல் நீராவிப் படகு செய்த ராபர்ட் ஃபுல்டன் பார்க்க வந்தார். சக்கரம் ஒரே சீராகச் சுற்றாமல் கை சுற்றுவது போல விட்டுவிட்டுச் சுற்றுவதைக் கவனித்தார். பக்கத்துப் பலகையைப் பெயர்த்தால் உள்ளே ஒரு நரம்புக் கயிறு. அது போன வழியே போய்ப் பார்த்தால் மேல் பரணில் ஒரு கிழவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இந்தக் கிழவரை நான் மறப்பதே இல்லை. எதையாவது "சும்மா ஓடுது" என்று யாராவது சொன்னால், பரணில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

காணொளி இயந்திரத்தில் அந்தக் கிழவர் பெரும்பாலும் மறைத்து வைத்த பேட்டரி, அல்லது மேசைக்குள் வரும் ஒயர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும். 1,000 வாட் சுமையை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அரை மணி நேரக் காட்சி எதையும் நிரூபிக்காது.

"அந்தக் கனச் சக்கரம்தான் சக்தியைப் பெருக்குது" என்பார்கள். சக்கரம் ஒரு குதிர் மாதிரி. போட்ட நெல்லைத்தான் தரும். 200 கிலோ எடை, சுமார் இரண்டரை அடி விட்டமுள்ள இரும்புச் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் அதில் இருப்பு ஏறக்குறைய 31,000 ஜூல். 1,000 வாட் சுமையை அரை நிமிடம் ஓட்டலாம். 5 குதிரைத்திறன் மோட்டாரை 8 விநாடி ஓட்டலாம். அவ்வளவுதான்.

டைனமோ? பழைய சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டைனமோவை டயரில் சாய்த்ததும் மிதிக்கக் கனக்கும். விளக்கின் வெளிச்சம் நம் காலிலிருந்து வந்தது. டைனமோவில் எவ்வளவு சுமை மாட்டுகிறோமோ அவ்வளவு பிடித்து இழுக்கும். சுமை மாட்டினாலும் பிடித்து இழுக்காத டைனமோ உலகத்தில் கிடையாது. காந்தத்தை வைத்தே ஓடும் மோட்டார் என்பதும் இப்படித்தான். காந்தம் இழுக்கும்போது கிடைப்பது, அதிலிருந்து விலகும்போது திரும்பப் போய்விடும். கமலை மாடு மேடேறுவது போல. "வோல்டேஜைக் கூட்டிட்டோம்" என்று சொன்னால், ஆம்பியர் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

சும்மா ஓடுவது போலத் தெரிபவை

இதைப் படித்துவிட்டு, கரண்ட் இல்லாமல் எதுவுமே ஓடாது என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல கருவிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம்.

சோலார் பம்பு ஓடும். பரணில் இருப்பவர் சூரியன். காற்றாலை ஓடும். காற்றை ஓட்டுவதும் சூரியன்தான். சாண எரிவாயு எரியும். அது மாடு தின்ற தழையில் இருந்த வெயில்.

மலையடிவாரத்தில் ஓடை உள்ள உழவர்களுக்கு ராம் பம்பு என்று ஒன்று உண்டு. பிரான்சில் மோன்கோல்ஃபியே 1796இல் செய்தது. மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம், இரவு பகலாக 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு ஓயாத இயந்திரம் போலவே தோன்றும். கணக்கு என்ன? நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் விழுந்து, கொஞ்சத் தண்ணீரை நிறைய உயரம் தள்ளுகிறது. 100 லிட்டர் 2 மீட்டர் விழுந்தால், 60 விழுக்காடு திறனில், 10 மீட்டர் மேலே 12 லிட்டர் போகும். மீதி 88 லிட்டர் ஓடையோடு போகும். கணக்கு நேராக இருப்பதால் இதை நம்பலாம். ஓடை வற்றினால் பம்பும் நிற்கும்.

கோவை மாவட்டத்தில் காடம்பாறை மின்நிலையம் இருக்கிறது, 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஃப்ளட் வரைந்த அதே இயந்திரம் போலத்தான் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட நிலையங்களில் ஏற்றச் செலவான மின்சாரத்தில் பொதுவாக 70 முதல் 80 விழுக்காடுதான் திரும்பக் கிடைக்கும். அறுவடையில் மலிவாக இருக்கும்போது வாங்கிக் குதிரில் போட்டு, விலை ஏறும்போது விற்பது மாதிரி. குதிரில் கொஞ்சம் எலி தின்னும். குதிரே நெல்லை விளைவிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

நம் வயல் ஓயாத இயந்திரமா?

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். "காட்டுக்கு யார் உரம் போட்டார்கள்?" என்று நாம் மேடையில் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ரசாயன உரம் இல்லாவிட்டால் மண்ணில் ஒன்றும் முளைக்காது என்று சொன்னவர்களுக்கு அது சரியான பதில். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு "மண்ணில் எதையும் போட வேண்டாம், எடுத்துக்கொண்டே இருக்கலாம்" என்று சிலர் போய்விடுகிறார்கள். அங்கே நாமும் காணொளிக்காரர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

காடு ஏன் ஓடுகிறது? ஆற்றல் வெயிலிலிருந்து தினமும் புதிதாக வருகிறது. சத்துகளோ இலையாக விழுந்து, மட்கி, வேரில் ஏறி, மறுபடி இலையாகின்றன. காட்டிலிருந்து யாரும் லாரி லாரியாக மூட்டை ஏற்றுவதில்லை. நம் வயலிலிருந்து ஏற்றுகிறோம்.

வெயிலைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. பயிர் தன் மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவைச் சேமித்தாலே பெரிது. மீதி வீணாகப் போகிறது. மூடுபயிர், ஊடுபயிர், பலதானிய விதைப்பு என்று தரை எப்போதும் பச்சையாக இருந்தால் அந்த வெயிலை இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம். தழைச்சத்துக்கும் வழி உண்டு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பு, பயறு வகைகளின் வேர்முடிச்சில் உள்ள ரைசோபியம் அதைப் பிடித்துத் தரும். அதுவும் சும்மா தருவதில்லை. செடி தான் வெயிலில் செய்த சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. யூரியா ஆலையிலும் கூலி உண்டு: அங்கே இயற்கை எரிவாயுவைப் போட்டு, 400 டிகிரிக்கு மேல் சூடேற்றி, 150 மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில் அதே நைட்ரஜனைப் பிடிக்கிறார்கள். மூட்டையில் 'விளைச்சல்' என்று எழுதியிருக்கும். பரணில் இருப்பது எரிவாயு.

மணிச்சத்தும் சாம்பல் சத்தும் காற்றிலிருந்து வராது. ஒரு டன் நெல்லில் சுமார் 2 கிலோ பாஸ்பரஸ் வெளியே போகிறது. ஏக்கருக்கு 2 டன் என்றால் ஒரு போகத்துக்கு 4 கிலோ. சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் இருக்கிறது. வைக்கோலையும் விற்றுவிட்டால் அதுவும் போச்சு.

ஜீவாமிர்தம் இதை ஈடுகட்டுமா? ஏக்கருக்கு 200 லிட்டரில் நாம் போடும் சாணம் 10 கிலோ. அதில் உள்ள பாஸ்பரஸ் கிராம் கணக்கில்தான் இருக்கும். ஜீவாமிர்தத்தின் வேலை வேறு. அது நுண்ணுயிரைப் பெருக்குகிறது, மண்ணில் பூட்டிக் கிடக்கும் சத்தைத் திறந்துவிட உதவுகிறது. அது சாவி. பெட்டியில் இருப்பு இருக்கும்வரை சாவி வேலை செய்யும். மண்ணில் இருப்பு பெரியது என்பதால் பல ஆண்டுகள் ஓடும். அதனால்தான் சும்மா ஓடுவது போலத் தெரிகிறது. பெட்டியில் திரும்பப் போடாமல் சாவியை மட்டும் திருகிக்கொண்டிருந்தால், பின்னால் வரும் பிள்ளைகள் காலத்தில் குறை தெரியும்.

நம் முன்னோர் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு ஏற்றினார்கள். வண்டல் என்பது ஓடிப்போன மேல்மண் திரும்பி வருவது. ஆட்டுக்கிடை போட்டார்கள். ஆடு மேய்ச்சல் நிலத்தில் தின்றதை நம் வயலில் போடுகிறது. வேலியோரத் தழையை மிதித்தார்கள். அடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டினார்கள். வைக்கோல் மாட்டுக்குப் போய்ச் சாணமாகத் திரும்பியது. "இடுபொருள் செலவு இல்லை" என்று சொல்லலாம், கடையில் வாங்குவதில்லை என்பதால் அது உண்மை. "இடுபொருளே இல்லை" என்று சொல்லக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

யாராவது ஓயாத இயந்திரத்தோடு வந்தால் சண்டை போட வேண்டாம். இவ்வளவு கேளுங்கள்:

ஒன்று, ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வெயிலா, காற்றா, விழும் தண்ணீரா, எரிபொருளா? "இயந்திரத்துக்குள்ளேயே" என்று பதில் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு, இயந்திரத்தை என் களத்துமேட்டில் வையுங்கள். மேசையோடு வேண்டாம், வெறும் தரையில். மூடி எல்லாம் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, என் சொந்த மோட்டாரை மாட்டி, ஒரு வாரம் இரவு பகலாக ஓடட்டும். ஓடினால் பணம்.

மூன்று, உங்கள் வீட்டில் மின் இணைப்பு இருக்கிறதா? இப்படி ஒரு இயந்திரம் வைத்திருப்பவர் எதற்காக மின்கட்டணம் கட்டுகிறார்?

நான்கு, முன்பணம் கிடையாது. ஒரு ரூபாய்கூட.

இதே முதல் கேள்வியை நம் வயலுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை கேட்கலாம். அறுவடை முடிந்ததும் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இந்த வயலிலிருந்து என்னென்ன வெளியே போயிற்று: நெல் எத்தனை மூட்டை, வைக்கோல் எத்தனை கட்டு, பயறு எவ்வளவு. என்னென்ன உள்ளே வந்தது: எரு எத்தனை வண்டி, கிடை எத்தனை இரவு, வண்டல் எத்தனை நடை, பசுந்தாள் எத்தனை முறை. இரண்டு மூன்று ஆண்டு எழுதினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வரவு குறைவாக இருந்தால் இந்த ஆண்டே வைக்கோல் விற்பதைப் பாதியாகக் குறைக்கலாம், கோடையில் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கேட்கலாம், கிடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.